நாக்குத் தட்டாத மேக்னெட்டோ: ஃபோர்ட்சன் மேஜரை மறுபடி கையால் ஸ்டார்ட் செய்தது

பெரியப்பாவின் டிராக்டர் நிபோங் தெபாலில் அவர் வீட்டுக்குப் பின்னால், தகரக் கொட்டகையில் நிற்கிறது. ஃபோர்ட்சன் மேஜர், இ27என். இங்கிலாந்தின் டாகென்ஹாமில் 1945-இலிருந்து 1950-களின் தொடக்கம் வரை செய்த வண்டி. 27 குதிரைத்திறன், நான்கு சிலிண்டர், 4.4 லிட்டர் சைடு வால்வு எஞ்சின். பேட்டரி கிடையாது, செல்ஃப் கிடையாது. முன்னால் கைப்பிடியைச் செருகி இழுத்தால்தான் உயிர் வரும். தோட்டத்தை விற்றபோது பழைய இரும்போடு இரும்பாகப் போக இருந்ததைப் பெரியப்பா தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்ததும் ஆட்களையும் ரப்பர் பால் வாளிகளையும் டிரெய்லரில் ஏற்றிப்போன வண்டி அது. என் அப்பாவும் கொஞ்ச காலம் அதை ஓட்டியிருக்கிறார்.

கடந்த ஓராண்டாக அது ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது. முப்பது நாற்பது தடவை இழுத்தால் ஒரு தடவை இருமும். பிடித்தாலும் ஏங்கி ஏங்கி ஓடி, ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும். பக்கத்து ஊர்ப் பட்டறை ஒன்றில் 400 வெள்ளி கொடுத்து வேலை பார்த்தார்கள். புது பிளக், புது ஒயர், பேட்டரி இல்லாமலே பிளக்குக்குப் பொறி தரும் மேக்னெட்டோவுக்கு சர்வீஸ். அதற்குப் பிறகுதான் நிலைமை மோசமானது. போன மாதம் பெரியப்பா மகன் இழுத்தபோது கைப்பிடி திருப்பி உதைத்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. எலும்பு உடையவில்லை என்று கிளினிக்கில் சொன்ன பிறகுதான் எல்லாரும் மூச்சுவிட்டோம். பெரியம்மா கைப்பிடியை எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டார்.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை காலை இரண்டாம் பாலத்தில் ஏறி பத்து காவானில் இறங்கினால், பசியாறுகிற நேரத்துக்குப் பெரியப்பா வீட்டில் இருக்கலாம். இப்படி மூன்று வார இறுதிகள் இந்த வேலைக்குப் போயின.

முதல் நாள் கொட்டகைக்குள் நுழைந்ததும் பெரியப்பா சொன்னார்: "தம்பி, முன்னெல்லாம் கைப்பிடிய மெதுவா சுத்துனா நாக்குத் தட்டும்டா. இப்போ தட்ட மாட்டேங்குது." நான் தலையாட்டிவிட்டு எரிபொருளைப் பார்க்கப் போய்விட்டேன். அந்த ஒரு வாக்கியத்தில் பாதி நோய் இருந்தது. அதை அன்றே பிடித்திருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

எரிபொருளில் தொடங்கியதும் வீண் இல்லை. இந்த வண்டிக்கு இரண்டு தொட்டி. சின்னதில் பெட்ரோல், பெரியதில் மண்ணெண்ணெய். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, புகைபோக்கிச் சூட்டில், எண்ணெயை ஆவியாக்கும் வேப்பரைசர் நன்றாகக் காய்ந்த பிறகு திருகை மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கிவிடும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. எத்தனை இழுத்தாலும் பிளக் நனையுமே தவிர தீப்பிடிக்காது. கிண்ணத்தின் வடிகுழாயைத் திறந்து விரலில் தொட்டுப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கு, அடுப்பு வாசம். பெட்ரோல் இல்லவே இல்லை.

சின்னத் தொட்டியில் இருந்த பெட்ரோலும் பழையது. வார்னிஷ் மாதிரி ஒரு புளித்த வாடை. அடியில் சிவப்புத் துருவும், நம் ஊர் ஈரத்தில் இறங்கிய தண்ணீரும் சேர்ந்திருந்தன. எல்லாவற்றையும் வடித்து, வடிகட்டிக் கிண்ணத்தைக் கழுவி, புது ஆர்ஓஎன் 95 பெட்ரோல் ஊற்றினேன். அழுத்தம் குறைந்த எஞ்சின் என்பதால் அதற்கு மேல் தேவையில்லை.

பிறகு குழாயைக் கழற்றி ஒரு மினரல் போத்தலுக்குள் விட்டுத் திருகைத் திறந்தேன். முதலில் நன்றாக ஓடியது. ஒரு நிமிடத்தில் நூல் போல இளைத்தது. அப்புறம் சொட்டு. தொட்டி மூடியைத் தளர்த்தியதும் மறுபடி கொட்டியது. மூடியைத் திருப்பிப் பார்த்தால், காற்றுத் துளையில் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. கடலைப் பருப்பு அளவுக்கு ஒரு சின்ன உருண்டை, காய்ந்து செங்கல் மாதிரி. உள்ளே காற்றுப் போகாமல் பெட்ரோல் எப்படி இறங்கும்? பிடித்த ஐந்து நிமிடத்தில் நின்றுபோனதற்கு இதுதான் காரணம். ஊசியால் குத்தி எடுத்தேன். அன்றிலிருந்து டிராக்டர் சும்மா நிற்கும்போது மூடிமேல் ஒரு பழைய துணி கட்டி வைக்கிறோம்.

எஞ்சின் எண்ணெயையும் அன்றே வடித்தேன். தண்ணீர் மாதிரி ஓடியது, மண்ணெண்ணெய் வாசம் தூக்கியடித்தது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே இறங்கி எண்ணெயோடு கலந்துவிடுகிறது. மண்ணெண்ணெயில் ஓட்டுகிறவர்கள் எண்ணெய் அளவு குறைகிறதா என்று மட்டும் பார்க்கக் கூடாது, கூடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். எஸ்ஏஇ 30 புதிதாக ஊற்றினேன்.

அழுத்தத்தைப் பார்க்கக் கருவி வேண்டியிருக்கவில்லை. பிளக்குகள் இருக்க, கைப்பிடியை மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றினால் நான்கு மேடு கையில் தெரிய வேண்டும். மூன்று மேடு திண்ணென்று இருந்தது, ஒன்று தொளதொளத்தது. அது மூன்றாம் சிலிண்டர். வால்வுத் தண்டில் பிசின் பிடித்து முழுக்க மூடாமல் நின்றது. துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாள் தண்டைச் சுற்றி ஆட்டி ஆட்டி விடுவித்தேன். நான்காவது மேடும் வந்துவிட்டது.

அன்று மாலை இழுத்துப் பார்த்தோம். வண்டி நகராதபடி சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, நானே இழுத்தேன். பதினைந்து தடவை. ஒரு வெடிச்சத்தம், கைப்பிடி திருப்பி உதைத்தது. கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்திருந்ததால் கைப்பிடி விரல்களை விட்டு வழுவிப் போனது, அடி படவில்லை. இதை எழுதும்போதும் சொல்லத் தோன்றுகிறது: கைப்பிடியை முஷ்டியாகப் பிடிக்காதீர்கள். கட்டைவிரல் எதிர்ப்பக்கம் இருந்தால், உதைக்கும்போது அதுதான் முதலில் போகும். கீழிருந்து மேலே மட்டும் இழுங்கள், மேலிருந்து கீழே அழுத்தாதீர்கள். மேலே இழுக்கும்போது உதைத்தால் கைப்பிடி கையை விட்டுப் போய்விடும். கீழே அழுத்தும்போது உதைத்தால் உடம்பின் பாரம் முழுக்க அதன் மேல் இருக்கும்.

ராத்திரி பாலத்தில் திரும்பும்போதுதான் புத்தியில் பட்டது. ஸ்டார்ட் ஆகாததும் உதைப்பதும் இரண்டு நோய் இல்லை. தீப்பொறி பலவீனமாகவும் இருக்கிறது, சீக்கிரமாகவும் வருகிறது. இரண்டுக்கும் ஒரே இடம்தான் காரணமாக இருக்க முடியும். பெரியப்பா சொன்ன நாக்கு.

மேக்னெட்டோ தன் காந்தத்தாலேயே மின்சாரம் உண்டாக்குகிறது. வேகமாகச் சுற்றினால்தான் பொறி வலுவாக வரும். கையால் இழுக்கும் வேகம் அதற்குப் போதாது. அதனால் மேக்னெட்டோவுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இம்பல்ஸ் கப்ளிங் என்று ஒரு சாமான் வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு சுருள் வில்லும், தன் எடையிலேயே விழும் சின்ன இரும்பு நாக்குகளும் இருக்கும். மெதுவாகச் சுற்றும்போது நாக்கு கீழே விழுந்து ஒரு முளையில் மாட்டிக்கொள்ளும். எஞ்சின் பக்கம் சுற்றிக்கொண்டே போகும், மேக்னெட்டோ பக்கம் நிற்கும், நடுவில் வில் முறுக்கேறும். குறிப்பிட்ட இடம் வந்ததும் நாக்கு விடுபட்டு, உண்டிவில் ரப்பரை இழுத்து விட்டது போல மேக்னெட்டோ சட்டென்று சுழலும். அப்போது வருவதுதான் அந்த "டக்". கண நேரம் மேக்னெட்டோ வேகமாகச் சுற்றுவதால் பொறி பலமாக வரும். நின்று சுழல்வதால் பொறி தாமதித்தும் வரும், பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகு. எஞ்சின் பிடித்து வேகமெடுத்ததும் நாக்குகள் சுழற்சியில் வெளிப்பக்கம் விலகி ஒதுங்கிக்கொள்ளும். பொறியும் ஓட்டத்துக்கு வேண்டிய முன்கூட்டிய நேரத்துக்குப் போய்விடும்.

நாக்கு விழாவிட்டால்? பொறி கை வேகத்துக்கு ஏற்ற மாதிரி மெலிந்து வரும். ஓட்டத்துக்கு உரிய முன்கூட்டிய நேரத்திலேயே வரும். பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது வெடித்து அதைக் கீழே தள்ளும். பெரியப்பா மகனின் மணிக்கட்டு அப்படித்தான் வீங்கியது.

இரண்டாம் வாரம் நேரே மேக்னெட்டோவுக்குப் போனேன். அதற்கு முன் ஒரு நாள் காலை ஜார்ஜ் டவுனில் லோரோங் கூலிட் சந்தைக்குப் போய், பழைய சாமான்களைத் தரையில் பரப்பி விற்கும் ஒரு தாத்தாவிடம் மெல்லிய இடைவெளிகளை அளக்கும், அங்குல அளவு போட்ட ஃபீலர் கேஜ் ஒன்று 6 வெள்ளிக்கு வாங்கினேன். இந்த எஞ்சினுக்கு எல்லா அளவும் அங்குலம்தான். மில்லிமீட்டரில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பதை விட இது நல்லது. துரு லேசாக இருந்தது, எண்ணெய் துணியால் துடைத்ததும் எழுத்து தெளிந்தது.

கழற்றுவதற்கு முன் முதல் சிலிண்டர் பிளக்கை எடுத்துவிட்டு, பெரியப்பாவை அந்தத் துளையில் கட்டைவிரலை வைக்கச் சொல்லி, நான் கைப்பிடியை அங்குலம் அங்குலமாகச் சுற்றினேன். விரலைக் காற்றுத் தள்ளியதும் "வருது, வருது" என்றார். அந்தத் தள்ளல் ஓய்ந்த இடத்தில் நிறுத்தினேன். மேக்னெட்டோவின் மூடியைத் திறந்து, பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் ரோட்டர் எங்கே பார்க்கிறது என்று கைப்பேசியில் படம் எடுத்தேன். கப்ளிங்கிலும் உடலிலும் நேருக்கு நேராகக் கோடு கீறினேன். பிறகு எஞ்சினை யாரும் தொடக்கூடாது என்று கைப்பிடியைப் பெரியம்மாவிடமே கொடுத்துவிட்டேன். மறுபடி அரிசி டின்னுக்குப் பின்னால் போனது.

மேக்னெட்டோவை மேசையில் வைத்து கப்ளிங்கைத் திறந்தேன். உள்ளே பழுப்பு நிறத்தில் தடிமனான கிரீஸ், சக்கர பேரிங்குக்குப் போடும் அதே கிரீஸ், விளிம்பு வரை நிரம்பியிருந்தது. பட்டறையில் சர்வீஸ் என்றால் கிரீஸ் அடிப்பது என்று நினைத்திருப்பார்கள், நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்திருக்க வேண்டும். ஆனால் நாக்கு தன் எடையில் விழ வேண்டிய சாமான். நகத்தால் ஒரு நாக்கைத் தூக்கி விட்டேன். தூக்கிய இடத்திலேயே நின்றது. இன்னொன்றை அழுத்தினேன், அது மெதுவாக, சேற்றில் கால் எடுப்பது போல நகர்ந்தது.

மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். மூன்று தடவை மண்ணெண்ணெய் மாற்றினேன். கடைசித் தடவை அது தெளிவாகவே இருந்தது. நாக்குகளின் முனையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஓரம் கூர்மையாக இருந்தது, தேய்ந்து உருண்டிருந்தால் முளையில் மாட்டாமல் நழுவியிருக்கும். வில்லும் உடையவில்லை. காயவைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி, நாக்கின் ஊசிக்கு மட்டும். கையில் நிமிர்த்திப் பிடித்துச் சுற்றினேன். நாக்கு விழுந்தது. இன்னும் சுற்றினேன். வில் முறுக்குவது விரலில் தெரிந்தது. டக்.

பெரியப்பா வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். தலையை மட்டும் திருப்பி, "அதுதான்" என்றார்.

திறந்து மூடிப் பொறியை வரவைக்கும் பாயிண்ட்டுகளையும் அப்போதே பார்த்தேன். மேல்பக்கம் சாம்பல் நிறப் படலம். மெல்லிய உப்புத் தாளை மடித்து நடுவில் வைத்து இரண்டு இழுப்பு, பிறகு வெள்ளைக் காகிதத்தை வைத்து இழுத்துத் தூசியை எடுத்தேன். இடைவெளி 0.012 அங்குலம் வைத்தேன். பிளக்குகளை இன்றைய கார் மாதிரி ஒரு மில்லிமீட்டருக்குத் திறந்து வைத்திருந்தார்கள். மேக்னெட்டோவுக்கு அது அகலம். 0.025 அங்குலத்துக்குக் குறைத்தேன். ஒயர்களும் தப்பு. ரேடியோ இரைச்சலைத் தடுக்கக் கரி நார் வைத்த கார் ஒயர். மெலிந்த பொறியை அது இன்னும் மெலிய வைக்கும். செம்புக் கம்பி ஒயர் வாங்கி, நானே நீளம் பார்த்து வெட்டிப் போட்டேன்.

பொறியைச் சோதிக்கும்போது ஒயரைச் சும்மா தொங்கவிட்டுச் சுற்றாதீர்கள். போக வழியில்லாத மின்சாரம் உள்ளே சுருளின் காப்பைக் கிழித்துக்கொண்டு போகப் பார்க்கும். பிளக்கை மாட்டி, அதன் உடலை எஞ்சின் இரும்பில் படுத்தி வையுங்கள். முன்பு மஞ்சளாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் வந்த பொறி, இப்போது வெயிலிலும் நீலமாகத் தெரிந்தது, சத்தத்தோடு.

மேக்னெட்டோவை அதே கோட்டுக்குப் பொருத்தினேன். பெரியப்பா மறுபடி கட்டைவிரலை வைத்தார். காற்று தள்ளி ஓய்ந்து, அதற்குப் பிறகு கைப்பிடி இன்னும் கொஞ்சம் நகர்ந்ததும் "டக்". உச்சிக்குப் பின்னால் விழுகிறது. உதைக்காது என்று அப்போதுதான் நம்பினேன்.

சோக் மூடி, இரண்டு தடவை சும்மா இழுத்துப் பெட்ரோலை உள்ளே வரவைத்து, மூன்றாவதில் ஓங்கி இழுத்தேன். பிடித்தது. ஆனால் நொண்டியது. இருமல், கார்ப்பரேட்டர் வழியாகப் பட்டாசு. பெரியம்மா ஜன்னலைச் சாத்தினார்.

நான்கில் எது வேலை செய்யவில்லை என்று பார்க்க, மரப்பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் எஞ்சின் இரும்போடு தொடுத்துப் பொறியை அறுத்தேன். 1-ஐ அறுத்ததும் எஞ்சின் தொய்ந்தது. 4-லும் அப்படியே. 2, 3 இரண்டையும் அறுத்தால் எந்த மாற்றமும் இல்லை. இரண்டும் ஒன்றாகச் செத்திருக்காது. மாறிப் போயிருக்க வேண்டும். புது ஒயரை நான் பழைய ஒயர் இருந்த துளைகளிலேயே பார்த்துப் பார்த்து மாட்டியிருந்தேன். பட்டறையில் மாட்டிய தப்பை நானும் அப்படியே நகலெடுத்துவிட்டேன்.

நம் பட்டறைகளில் பெரும்பாலான நான்கு சிலிண்டர் கார்களுக்கு வெடிக்கும் வரிசை 1-3-4-2. கை தானாக அப்படித்தான் போகும். ஃபோர்ட்சனுக்கு 1-2-4-3. இரண்டிலும் 1-க்கு எதிர்ப்பக்கம் 4, அது தப்பாகாது. 2-ம் 3-ம் தான் இடம் மாறும். 2 அழுத்தி நிற்கும்போது 3-இல் பொறி விழும், 3 அப்போது புகையை வெளியே தள்ளிப் புதுக் காற்றை இழுக்கத் தொடங்கும் நேரம். உள்வால்வு திறந்திருப்பதால் நெருப்பு கார்ப்பரேட்டருக்குப் போகிறது. பட்டாசு அதுதான்.

புத்தகம் இல்லாமலும் இதைக் கண்டுபிடிக்கலாம். நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு, மெதுவாகச் சுற்றினால் எந்தத் துளை எந்தத் துளைக்குப் பிறகு விரலைத் தள்ளுகிறது என்று வரிசையாகத் தெரியும். பெரியப்பாவும் நானும் ஆளுக்கு இரண்டு விரலோடு குனிந்து நின்று செய்தோம், கைப்பிடியை அண்ணன் நல்ல கையால் சுற்றினான். ஒன்று, இரண்டு, நான்கு, மூன்று. ரோட்டர் சுற்றும் திசையைப் பார்த்து ஒயர்களை அந்த வரிசைக்கு மாற்றினேன்.

அடுத்த இழுப்பில் பிடித்தது. நான்கும் சேர்ந்து. பழைய ஃபோர்ட்சன் சத்தம் கேட்டவர்களுக்குத் தெரியும், அவசரமே இல்லாத, ஒவ்வொன்றாக எண்ணக்கூடிய அடி. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் ரேடியேட்டரில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். அண்ணன்தான் வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினான்.

மூன்றாம் வாரம் சூட்டில் சோதித்தோம். இருபது நிமிடம் ஓடவிட்டு, மண்ணெண்ணெய்க்கு மாற்றினோம். டிராக்டருக்கென்று வந்த பழைய எண்ணெய் இப்போது கிடைப்பதில்லை. அதனால் மண்ணெண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு பெட்ரோல் கலக்கிறோம். நீலப்புகை இல்லை, தட்டல் இல்லை. செம்பனை மரங்களுக்கு நடுவே பின்பக்க மண் ரோட்டில் இரண்டு நடை போய்வந்தது. பெட்ரோலுக்குத் திருப்பி நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துச் சூட்டோடு இழுத்தேன். இரண்டாவதில் பிடித்தது. மேக்னெட்டோவின் கண்டென்சர் பழுதாகியிருந்தால் சூட்டில்தான் காட்டிக்கொடுக்கும். இது கொடுக்கவில்லை.

அன்று ராத்திரி முழுக்க மழை. ஞாயிறு காலை போய்ப் பார்த்தபோது கொட்டகைத் தரை ஈரம், ஒயரில் பனித்துளி மாதிரி நீர். துணியால் துடைத்துவிட்டுக் கைப்பிடியைப் பெரியம்மாவிடம் கேட்டேன். கொடுத்தார். பெரியப்பா அதை என் கையிலிருந்து வாங்கிச் செருகி, முதலில் மெதுவாக ஒரு சுற்று சுற்றி, டக் வருகிறதா என்று காதைச் சாய்த்துக் கேட்டார். வந்தது. கட்டைவிரலை மடக்கி விரல்களோடு சேர்த்து வைத்துக்கொண்டு, மேலே இழுத்தார்.